பழைய கார்கள்: வாசகர் கேள்வி – பதில்
ஹூட் வைத்த மொறிஸ் மைனரை வாங்கலாமா?

கேள்வி: கோப்பாயில் உறவினர் வீட்டில் துணிக் கூரை போட்ட இரண்டு கதவு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. 1995 இடப்பெயர்வோடு நிறுத்தினது. மேலே கிடுகுக் கொட்டில், கீழே மண் நிலம். 1 ஸ்ரீ நம்பர், புத்தகத்தில் 1959 என்று இருக்கு. எஞ்சின் அசையவில்லை. பச்சை பெயின்ற் இன்னும் மினுங்குது, உடம்பு நல்லாத்தான் தெரியுது. "எஞ்சினைச் செய்தால் ஓடும், மற்றதைப் பிறகு பாப்பம்" என்று பெரியப்பா சொல்லுறார். விலை பேச முன்னம் என்னென்ன பார்க்க வேணும்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பெரியப்பா கடைசியில் பார்க்கச் சொன்னதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். மைனரின் எஞ்சின் 1951 முதல் 2000 வரை பல வகைக் கார்களுக்கு வார்த்த ஏ வரிசை எஞ்சின். அதற்குப் பிஸ்ரன், பெயரிங், காஸ்கற் எல்லாம் இன்றைக்கும் எடுக்கலாம். அசையாத எஞ்சின் விலையைக் குறைக்கக் காரணமாகுமே தவிர, காரை வேண்டாம் என்று விட்டுவரக் காரணமாகாது. அந்தக் காரணம் இருந்தால் அது காருக்கு அடியில்தான் இருக்கும்.

மைனருக்குத் தனிச் செசி கிடையாது. தகரத்தை மடித்து ஒட்டிய உடம்புதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. சாதாரண மைனரில் மேற்கூரையும் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை எடுக்கும். ஹூட் காரில் கூரை இல்லை. கதவுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை இருபக்கமும் ஓடுகிற தகரப் பெட்டிகள் இரண்டும்தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிக்கின்றன. இவற்றைக் கதவடிப் பெட்டி என்று சொல்லிக்கொள்வோம். மொறிஸ் கொம்பனி ஹூட் காருக்கென்றே இந்தப் பெட்டிக்குள் கூடுதல் தகடு வைத்து, கதவுத் தூண்களையும் தடிப்பாக்கி, டாஷ்போட்டின் இரு அந்தத்திலும் முக்கோணத் தாங்கி ஒட்டி அனுப்பியது. இவை கறள் தின்று போயிருந்தால் மேலே எந்தப் பெயின்ற் மினுங்கினாலும் அது இரண்டாக மடியக் காத்திருக்கும் கார்.

முதலில் அது உண்மையான ஹூட் கார்தானா என்று பாருங்கள். சாதாரண மைனரின் கூரையை அறுத்து ஹூட் வைத்த கார்களும் உண்டு. பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கும் காலடிக்கும் இடையிலுள்ள தகரத்தில் சிறிய இலக்கத் தகடு ஒன்று இருக்கும். 1950களின் கடைசியிலிருந்து வந்த ஹூட் காரில் அந்த இலக்கம் எம்.ஏ.ரி என்று தொடங்கும். 948 சி.சி காலத்துக்கு எம்.ஏ.ரி 3, 1962க்குப் பிறகு வந்த 1098 சி.சி காருக்கு எம்.ஏ.ரி 5. அதே இடத்தில் எம்.ஏ.2 எஸ் என்று இருந்தால் அது இரண்டு கதவுத் தகரக் கூரைக் காராகப் பிறந்தது. தகட்டைக் கழற்றி வேறு காரில் ஆணியடிக்கலாம் என்பதால் அதோடு நிற்காதீர்கள். டாஷ்போட்டின் கீழே இரு மூலையிலும் கையை விட்டுத் தடவி முக்கோணத் தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். கதவின் பூட்டு விழும் பின்தூணான பூட்டுத் தூணின் உச்சியிலும் பின்கண்ணாடிச் சட்டத்தின் அடியிலும் அறுத்து அராவிய தழும்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். கூரை அறுத்த காரில் உள்தகடும் தடித்த தூணும் இராது. அதை விலை குறைந்த கார் என்று நினைக்க வேண்டாம், ஆபத்தான கார் என்றே கொள்ளுங்கள்.

நம்பரும் ஒரு சாட்சி. இலங்கையில் ஸ்ரீ எழுத்து 1950களின் பிற்பகுதியில் வந்தது, அதற்கு முன் ஆங்கில எழுத்து நம்பர்கள். ஆங்கில எழுத்து நம்பரும் எம்.ஏ.ரி 5 தகடும் ஒரே காரில் இருந்தால் இரண்டில் ஒன்று வேறு காரிலிருந்து வந்தது. உங்கள் 1 ஸ்ரீயும் 1959உம் ஒத்துப்போகின்றன. எஞ்சின் இலக்கம் 9 எம் என்று தொடங்கினால் 948 சி.சி, 10 எம்.ஏ என்று தொடங்கினால் பின்னாளில் மாற்றிய 1098. மாற்றியது குற்றமில்லை, ஆனால் புத்தகத்தில் எந்த இலக்கம் எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அடிப்பக்கம். கையோடு கொண்டுபோக வேண்டியவை: சிறு காந்தம், முனை மழுங்காத ஸ்குறூ டிரைவர், டோர்ச், அளவு நாடா, இரண்டு ஜக், நல்ல பனங்குற்றி நாலு, படுக்க ஒரு சாக்கு. சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்த வேண்டாம். அது சொல்லாமல் வெடித்து நொறுங்கும். மண் நிலம் என்றபடியால் ஜக்கின் கீழ் தடித்த பலகையும் வேண்டும்.

காரைத் தூக்க முன்னம் கதவைப் பாருங்கள். நல்ல மைனரில் கதவின் சுற்று இடைவெளி மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவாக, 4 அல்லது 5 மில்லிமீற்றர் இருக்கும். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள், ஏனென்றால் நடு இறங்கும்போது இரு தூண்களின் தலைகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். பிறகு கதவைத் திறந்து, பிணைச்சல் தூணின் உச்சியிலிருந்து பூட்டுத் தூணின் உச்சிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுக் குறுக்குச் சட்டத்தின் அந்தத்திலுள்ள ஜக் இடத்தில் மெதுவாக, சில்லுகள் நிலத்தை விடும்வரை தூக்குங்கள். திரும்ப அளவுங்கள். ஒரு மில்லிமீற்றரும் மாறாவிட்டால் உடம்பு திடம். மூன்று நாலு மில்லிமீற்றர் விரிந்தால், அல்லது தூக்கிய நிலையில் கதவு இறுகிக்கொண்டால், பெட்டி உள்ளே செத்துவிட்டது. ஜக் இடமே நசிந்து தூக்க விடாமல் போனால் அளக்கத் தேவையில்லை, அதுவே பதில்.

கீழே படுத்து இந்த இடங்களை ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுக் குறுக்குச் சட்டத்தின் இரு அந்தங்கள் முதலாவது. முன்பக்கத்துக்கு ஸ்பிறிங்காக இருக்கும் முறுக்குக் கம்பி, அதாவது ரோர்ஷன் பார், இந்தச் சட்டத்தில்தான் நங்கூரமிட்டிருக்கிறது, அது விட்டால் முன்பக்கம் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, முன் எஞ்சினைத் தாங்கும் நீளச் சட்டங்கள் தரையைத் தொடும் இடம். சாரதிப் பக்கச் சட்டத்துக்குள்தான் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் ஒளிந்திருக்கிறது. பல வருடம் பிறேக் ஓயில் கசிந்து பெயின்றைக் கரைத்து, அந்தச் சட்டமே மெல்லிய கடதாசி மாதிரி ஆகியிருக்கும். மூன்றாவது, பின் ஸ்பிறிங்கின் முன் அந்தம் பிடிக்கும் இடமும் பின் தொங்கல் இடமும். நாலாவது, பெற்றோல் தாங்கி பூட்டியிருக்கும் டிக்கித் தரை. ஐந்தாவது ஹூட் காருக்கே உரியது: பின் சீற்றின் இரு பக்கமும், ஹூட் இரும்பு சுழலும் இடமும், அதன் கீழுள்ள சில்லுக் கவிப்பும். கிழிந்த ஹூட்டால் ஒழுகும் மாரித் தண்ணீர் முதலில் அங்கேதான் தேங்கும். கம்பளத்தையும் றப்பர் விரிப்பையும் தூக்கிப் பாராமல் வர வேண்டாம்.

காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றிக் கதவடிப் பெட்டி நெடுக இழுத்துப் போங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் வழுக்கிவிடும். பளபளக்கும் பச்சைப் பெயின்றுக்குக் கீழே அரை அங்குலப் பட்டியும், அதற்குக் கீழே மண்ணெண்ணெய்ப் பரல் தகரமும் இருந்த கார்கள் இங்கே எத்தனையோ. வெளிப்பெட்டி புதிதாகத் தெரிந்தாலும் உட்பக்கம் பாருங்கள்: பழைய கறளுக்கு மேலே வெளியில் ஒரு தகரத்தை ஒட்டி மூடுவதுதான் வழக்கமான ஏமாற்று. அப்படி மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டு, திறந்திருந்ததை விட விரைவாகத் தின்னும். கரையோரக் காற்றின் உப்பும் நம்முடைய ஊர் மண்ணின் ஈரமும் சேர்ந்தால் இரண்டு மாரிக்குள் வேலை முடிந்துவிடும். கிடுகுக் கொட்டில் வெயிலைத் தடுத்துப் பெயின்றைக் காப்பாற்றியிருக்கிறது, கீழிருந்து ஏறும் ஈரத்தை அது தடுக்காது. உங்கள் கார் மேலே மினுங்குவதற்கும் கீழே எப்படி என்று தெரியாததற்கும் அதுதான் காரணம்.

அடுத்தது ஹூட். துணி கிழிந்திருப்பது பெரிய விஷயமல்ல, அது தைக்கிற வேலை. ஹூட்டின் இரும்புச் சட்டகம் முழுதாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மொத்தம் ஏறத்தாழ 75,000 ஹூட் மைனர்கள்தான் செய்யப்பட்டன. மைனர் எல்லா வகையும் சேர்ந்தால் 16 இலட்சத்துக்கு மேல். ஆகவே கதவு, மட்காட், பொனற் எல்லாம் சாதாரண மைனரிலிருந்து எடுக்கலாம். ஹூட் இரும்பு, முன் கண்ணாடிச் சட்டத்தைக் கவ்வும் கொளுக்கிகள், பின் பக்கக் கண்ணாடிச் சட்டங்கள் ஆகியவற்றை எடுக்க இடமில்லை. சட்டகத்தைத் துணி இல்லாமல் விரித்துப் பாருங்கள். முன் மரச்சட்டம் கண்ணாடிச் சட்டத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விரலளவு எட்டாமல் நின்றால் இரும்பு வளைந்திருக்கும், அல்லது உடம்பு தொய்ந்திருக்கும். கதவு அளவு எது என்று சொல்லிவிடும். முன் மரச்சட்டத்தைக் கறையான் தின்றிருந்தால் பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்த தேக்கில் பழையதை அச்சாக வைத்து ஒரு நல்ல தச்சரால் செய்ய முடியும். உக்கின துண்டுகளைக்கூட எறியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வளைவு அவற்றில்தான் இருக்கிறது.

இப்போது எஞ்சின். சாவியைத் திருப்பவோ காரைத் தள்ளிக் கியரில் போடவோ கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டோமற்றிக் கியர்பெட்டிக்கு விடும் ஓயிலும் (ஏ.ரி.எவ்) அசிற்றோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி விட்டு நாலைந்து நாள் விடுங்கள். இடையில் றொக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வையும் மரப்பிடியால் அழுத்திப் பாருங்கள். இறுகிய வால்வோடு எஞ்சினைச் சுற்றினால் தள்ளுகம்பி வளையும். பிறகு ஸ்டார்ட்டிங் கைபிடியைப் போட்டு இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். கைப்பலத்துக்கு மேல் நீளக் குழாய் போட்டு நெம்ப வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் காரில் இன்னொன்று பார்க்க வேண்டும். 1990களில் பெற்றோல் வராத காலத்தில் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. 1995இல் நிறுத்திய காரென்றால் உங்கள் காரும் அப்படி ஓடியிருக்கலாம். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, எஞ்சின் தட்டும். அதைத் தடுக்க ஹெட்டின் கீழே காஸ்கற்றை இரண்டாகப் போட்டு அழுத்தத்தைக் குறைப்பார்கள். முழுக்க எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஓயிலைத் தண்ணியாக்கி, கிராங்கின் பெயரிங்கைத் தேய்க்கும். எஞ்சின் இளகினபின் அமுக்கமானி வைத்து அளந்தால் கதை தெரியும். நல்ல எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 140 இறாத்தலுக்கு மேல் காட்டும், நாலு சிலிண்டருக்கும் இடையில் 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இராது. நாலும் சமமாக, ஆனால் 100ஐ ஒட்டி நின்றால் இரட்டைக் காஸ்கற்றைத் தேடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஓயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் றிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு.

ஓயில் அழுத்தத்துக்கு மைனரில் விளக்கு மட்டும்தான், மானி இல்லை. சோதிக்கும்போது ஒரு மானியைப் பூட்டிப் பாருங்கள். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 60 இறாத்தல் வரை காட்ட வேண்டும், கார் நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது 15க்குக் குறையக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய எஞ்சின் என்றால், கட்டையின் பின்பக்கத்திலுள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து பாருங்கள். நம்முடைய சுண்ணாம்புத் தண்ணீர் அங்கே கல்லாகப் படிந்து, திருகைக் கழற்றினாலும் ஒரு சொட்டும் வராமல் நிற்கும். கம்பியால் குத்தித் திறக்க வேண்டியிருக்கும். பிறகு மழைநீரோ வடித்த நீரோ மட்டும் விடுங்கள்.

பிறேக்கைப் பற்றிப் பேரம் பேச வேண்டியதில்லை, எல்லாம் புதிது என்றே கணக்கிடுங்கள்: மாஸ்ரர் சிலிண்டர், முன்னுக்கு நாலும் பின்னுக்கு இரண்டுமாக ஆறு சில்லுச் சிலிண்டர், மூன்று றப்பர் குழாய். முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சில்லுத் தூணின் அடியைப் பிடிக்கும் புரியுள்ள மூட்டான கீழ்ப்பக்க ட்ரனியனின் புரி தேய்ந்திருந்தால் ஆடும். கிறீஸ் விடாத மைனரில் இந்தப் புரி கழன்று சில்லு உட்பக்கம் மடிந்துவிடும். 1000 மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது கொம்பனி சொன்ன கணக்கு. இடப் பக்கத்ததை வலத்துக்குப் பூட்ட முடியாது.

ஆக, உங்கள் முடிவுக்கு எங்கள் அளவுகோல் இது. எம்.ஏ.ரி தகடு, டாஷ்போட்டின் கீழ்த் தாங்கிகள், முழு ஹூட் இரும்பு, இந்த மூன்றும் இருந்தால், கதவடிப் பெட்டி இரண்டும் செத்திருந்தாலும் வாங்கலாம். தகரத்தை வெட்டி ஒட்டலாம், அந்த மூன்றையும் புதிதாக உண்டாக்க முடியாது. பெட்டி வேலையின் கூலியை ஒரு நல்ல வெல்டிங் ஆளிடம் கேட்டு, அதை விலையிலிருந்து கழியுங்கள். அந்த மூன்றில் ஹூட் இரும்பு இல்லையென்றால் சாதாரண மைனர் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். தகடும் தாங்கியும் பொய்யென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடைய ஹூட் மைனருக்கு இரண்டு பக்கக் கதவடியும் அறுத்துப் புதுத் தகரம் வைத்தாச்சு. வெல்டிங் நல்ல வேலை. ஆனால் இப்ப ரெண்டு கதவும் பூட்டுதில்லை, ஹூட்டும் முன்னுக்கு எட்டுதில்லை. கதவை அராவினால் சரிவருமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: கதவில் கை வைக்க வேண்டாம். பிழை கதவில் இல்லை. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுத்தபோது கார் தொய்ந்திருக்கிறது, தொய்ந்த நிலையிலேயே புதுத் தகரம் ஒட்டப்பட்டு அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிட்டது. இப்போது கதவை அராவினால் கதவும் போய்விடும்.

ஒட்டியதைத் திரும்பத் திறப்பதைத் தவிர வழியில்லை. இந்த முறை ஒழுங்காகச் செய்வது எப்படி என்று சொல்கிறோம். கார் தன் நாலு சில்லுகள் பிடிக்கும் இடங்களுக்குக் கிட்ட, மட்டமாக, தாங்கிகளில் நிற்க வேண்டும். நடுவில் தொங்கக் கூடாது. தண்ணீர் மட்டக் குழாயால் நாலு மூலையும் பாருங்கள். 25 மில்லிமீற்றர் சதுர இரும்புக் குழாயை ஒவ்வொரு கதவு வாசலிலும் பிணைச்சல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, மேலே ஒன்றும் மூலைவிட்டமாக ஒன்றுமாகப் பூட்டுங்கள். இரண்டு பூட்டுத் தூண்களுக்கும் குறுக்கே இன்னொன்று. உங்கள் காரில் அளவு ஏற்கெனவே பிழைத்திருப்பதால், குழாயை முழுக்க ஒட்ட முன்னம் ஒரு பக்கப் பெட்டியின் புது ஒட்டை மட்டும் திறந்து, நடுவில் ஜக்கால் மெல்ல உயர்த்தி, கதவைப் பூட்டிப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் சமமாக வந்த இடத்தில் குழாயை ஒட்டுங்கள். பிறகு மற்றப் பக்கம்.

தகரம் 1.2 மில்லிமீற்றர் கறுப்புத் தகடு. கூரைத் தகரம் மாதிரி நாகம் பூசியது வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு புகைந்து ஒட்டைத் துளை துளையாக்கும், அந்தப் புகை நெஞ்சுக்கும் கூடாது. உள்தகட்டை விட்டுவிடாதீர்கள். சாதாரண மைனரின் கதவடி வாங்கி வைத்தால் அளவு பொருந்தும், ஹூட் காருக்குரிய உள்தகடு மட்டும் இராது. அப்படியே போட்டால் ஒரு வருடத்தில் திரும்பத் தொய்யும். விளிம்பில் 25 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர் துளையிட்டு, துளைக்குள் மிக் வெல்டிங்கால் நிரப்புங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெடுக ஒட்டிக்கொண்டு போகக் கூடாது, சூடு தகரத்தை இழுத்து முறுக்கும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர் அந்தத்தில். ஐந்தாறு புள்ளிக்கு ஒருமுறை கதவை மாட்டிப் பூட்டிப் பாருங்கள். பொறுமைக்கு வேறு மாற்று இல்லாத இடம் இது. பித்தளை ஒட்டு இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பருத்தித்துறையில் ஒரு வீட்டில் கூரை மடிக்கிற ஒஸ்ரின் ஏ 40 இருக்கு. வீட்டுக்காரர் "ஸ்போர்ட்ஸ்" என்கிறார், தரகர் "சொமசெற்" என்கிறார். எது அரிது?
– வாசகர், நெல்லியடி

பதில்: ஒரு காந்தம் போதும். ஏ 40 ஸ்போர்ட்ஸ் 1950 முதல் 1953 வரை ஜென்சன் கொம்பனி அலுமினியத்தில் உடம்பு செய்த கார், ஏறத்தாழ 4,000 மட்டும். மட்காட்டிலும் கதவிலும் காந்தம் ஒட்டாது. பொனற்றைத் திறந்தால் 1200 சி.சி எஞ்சினில் எஸ்.யூ கபுரேற்றர் இரண்டு. சொமசெற்றின் மடிப்புக் கூரை வகை 1952 முதல் 1954 வரை கொவென்றியில் செய்தது, இரும்புத் தகர உடம்பு, காந்தம் ஒட்டும், கபுரேற்றர் ஒன்று, ஏறத்தாழ 7,000. இரண்டும் அரிதுதான். ஸ்போர்ட்ஸ் இன்னும் அரிது.

மைனரைப் போலல்லாமல் இவற்றுக்குத் தனிச் செசி உண்டு என்பதால் கதவடி பழுதானாலும் கார் மடியாது. ஆனால் ஸ்போர்ட்ஸில் அலுமினியம் இரும்பைத் தொடும் இடமெல்லாம் உப்புக் காற்றில் வெள்ளை மாவாகக் கரையும். பருத்தித்துறைக் கடற்கரைக்குக் கிட்ட நின்ற காரென்றால் கதவின் கீழ் விளிம்பு, மட்காட் போல்ட்டுகளைச் சுற்றிய இடம், டிக்கி மூடியின் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். பெயின்ற் கொப்புளித்திருக்கும் இடத்தை நகத்தால் கிளறினால் மாவு வந்தால், பூசித் திருத்த முடியாது. வெட்டி, அலுமினியம் ஒட்டத் தெரிந்த ஆளால் புதுத் துண்டு வைக்க வேண்டும். பூட்டும்போது இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் றப்பரோ சீலரோ வைக்காவிட்டால் திரும்பத் தொடங்கும்.

கேள்வி: கறள் வராமல் இருக்கக் காருக்கு அடியில் பழைய எஞ்சின் ஓயில் பூசுவது வழக்கம். தொடரலாமா?
– வாசகர், வேலணை

பதில்: வேண்டாம். கழிவு ஓயிலில் எரிந்த அமிலமும் கரியும் இருக்கின்றன. அது பிறேக் குழாயையும் ஸ்பிறிங் றப்பர்களையும் ஊதவைக்கும். தீவகத்துப் புழுதி அதில் ஒட்டி, உப்பையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு சேறாகத் தங்கும். மேலே கறுப்பாகத் தெரிகிற அந்தப் படையின் கீழே தகரம் நனைந்தபடியே கிடக்கும். நல்ல தண்ணீரால் அடியைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, நாகச் சத்துள்ள பிறைமர் பூசி, மூட்டுகளுக்குச் சீலர் வைத்து, மேலே பெயின்ற் அடியுங்கள். கதவடிப் பெட்டிக்குள் மெழுகு வகைக் கறள் தடுப்பை நீளக் குழாயால் விசிற வேண்டும். அதற்கு முன் கதவின் அடியிலும் பெட்டியின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பாதிக் கறள் அந்தத் துளைகள் அடைபட்டதால் வருவது. கழுவுவதற்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது.

கேள்வி: ஈயமில்லாப் பெற்றோல் பழைய மைனர் எஞ்சினைக் கெடுக்குமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: மெதுவாக. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ற் வால்வு உட்காரும் இடம் மென்மையானது, முன்பு பெற்றோலில் இருந்த ஈயம் அதைக் காத்தது. குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம். 2,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அளவுங்கள். எக்ஸோஸ்ற் வால்வுகளின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டு வந்தால் வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது. அப்போது நாலு எக்ஸோஸ்ற் வால்வுக்கும் கடின வளையம் அடிக்கலாம். அதற்காக இன்றைக்கே நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

கேள்வி: மைனருக்குப் புதுப் பற்றரி போட்டுப் புது றேடியோவும் பூட்டினேன். றேடியோ உடனே புகைந்துவிட்டது. பற்றரி பிழையா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பற்றரி பிழையில்லை. உங்கள் காரில் பற்றரியின் நேர் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இன்றைய றேடியோ எல்லாம் மறை முனை உடம்பில் இருக்கும் என்று நம்பிச் செய்தவை. டைனமோ உள்ள காரை மாற்றுவது சுலபம். பற்றரியை எதிர்ப்பக்கமாகப் பூட்டி, டைனமோவின் சிறிய முனையிலுள்ள கம்பியைக் கழற்றி, பற்றரியின் உடம்பில் சேராத முனையிலிருந்து ஒரு கம்பி எடுத்து அந்தச் சிறிய முனையை இரண்டு மூன்று தரம் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும், டைனமோ திசை மாறிவிடும். பிறகு கம்பியைத் திரும்பப் பூட்டி, கொயிலின் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். இதையெல்லாம் செய்ய முன்னம் பெற்றோல் பம்பைப் பாருங்கள். பழைய எஸ்.யூ பம்ப் எந்தத் திசையிலும் ஓடும், உள்ளே டயோட் வைத்த புதுப் பம்ப் மாற்றிப் பூட்டினால் எரிந்துவிடும். மாற்றி முடிந்ததும் பற்றரிக்குப் பக்கத்தில் "மறை முனை உடம்பில்" என்று பெயின்றால் எழுதிவையுங்கள், அடுத்த முறை அதைத் தொடுகிற மெக்கானிக் பழைய வழக்கப்படி பூட்டிவிடாமல் இருக்க.